சின்ன சபையில் பயிற்சிப் போதகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இறையியல் படித்துக்கொண்டே ஒரு சின்ன பாப்டிஸ்ட் சபையில் பயிற்சிப் போதகராக இருக்கிறேன். விசுவாசத்தைத் தானே அறிக்கை செய்பவருக்கு மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவு பாப்டிஸ்ட். ஞாயிறு காலையில் முப்பது, நாற்பது பேர் கூடும் சபை. "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேர வேலை. மீதி ஆறு நாளும் என்ன பண்ணுவீங்க தம்பி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு. ஊழியத்துக்குப் போகலாமா என்ற யோசனையில் நிஜமாகவே கேட்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இவை. பாப்டிஸ்ட் சபைகளுக்கு ஒரே தலைமை பீடம் கிடையாது என்பதால் வழக்கங்கள் சபைக்குச் சபை கொஞ்சம் மாறும். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பயிற்சிப் போதகர் என்றால் பாதிப் போதகரா?

வாரத்தில் சில நாள் கல்லூரி, சில நாள் சபை. கல்லூரியில் வேதாகமம், கிரேக்கம், சபை வரலாறு, ஆலோசனை முறைகள் என்று பாடங்கள். சபையில் பிரசங்கம், சந்திப்பு, கூட்டங்கள். கூடவே ஒரு மேற்பார்வைப் போதகர் இருப்பார். மாதக்கணக்கில் நம்மைக் கவனித்து, கேள்வி கேட்டு, கல்லூரிக்கு அறிக்கை எழுதுபவர் அவர்.

இந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே ஒரு படி இருக்கிறது. "கர்த்தர் என்னை அழைத்தார்" என்று ஒருவர் தானாகச் சொன்னால் பாப்டிஸ்ட் வழக்கத்தில் அது போதாது. அவரை அறிந்த சபை அவருடைய பிரசங்கத்தைக் கேட்டு, வாழ்க்கையைப் பார்த்து, கூடிப் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். வில்லியம் கேரிக்கே இது எளிதாக நடக்கவில்லை. 1785-ல் இங்கிலாந்தின் ஓல்னி சபையில் அவர் பிரசங்கித்தார். கேட்டவர்கள், இன்னும் கொஞ்ச காலம் பார்க்கலாம் என்று முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். மறுவருடம்தான் ஒப்புதல் கிடைத்தது. பிற்பாடு இந்தியாவுக்கு வந்து வேதாகமத்தை இத்தனை மொழிகளில் கொண்டுவந்த மனிதருக்கு, சின்ன ஊர் சபை ஒன்று "கொஞ்சம் பொறு" என்று சொல்லியிருக்கிறது. முதல் பிரசங்கம் சொதப்பிவிட்டதே என்று வருந்தும் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் தெளிந்துவிடும்.

ஒரு வாரம் எப்படித்தான் ஓடுகிறது?

தாளில் எழுதினால் அழகாக இருக்கும். திங்கள் ஓய்வு. செவ்வாய், புதன் வகுப்பு. புதன் மாலை ஜெபக்கூட்டம் அல்லது வேதபாடம். வியாழன் வீடு சந்திப்பும் மேற்பார்வைப் போதகரோடு ஒரு மணி நேரப் பேச்சும். வெள்ளி பிரசங்கம் எழுதும் நாள். சனி ஆராதனை ஒழுங்கை முடித்து, பாடல் வரிகளைத் திரைக்கு ஏற்ற வேண்டும். ஞாயிறு ஆராதனை.

தாளில் இல்லாதவைதான் வாரத்தைத் தின்னும். மண்டபத்தின் சாவி யாரிடம் என்று மூன்று பேருக்கு போன் செய்வது. வாலிபர் கூட்டத்துக்கு வைத்த நாற்காலிகளை மறுநாள் நடக்கும் தாய்மார் கூட்டத்துக்கு வட்டமாக மாற்றிப் போடுவது. பொருளாளர் கேட்ட ரசீதைத் தேடுவது. ஐந்து நிமிடம் பேசலாமா என்று வந்தவர் ஒன்றரை மணி நேரம் அழுதுவிட்டுப் போவது. இதில் கடைசியைத் தவிர எதையும் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை.

ஞாயிறு காலையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். எட்டரைக்கு பியானோ வாசிப்பவரிடமிருந்து செய்தி வருகிறது: காய்ச்சல், வர முடியாது. நான்கு பாட்டு போட்டிருக்கிறோம். வாத்தியம் இல்லாமல் சபை எதைப் பாடும் என்று உடனே யோசிக்க வேண்டும். புதிய பாட்டை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் மனப்பாடமான பழைய பாட்டு ஒன்றை வைப்போம். அப்புறம் சுருதி. ஆரம்பிப்பவர் தாழ்த்திப் பிடிக்காவிட்டால் உச்சஸ்தாயி வரும் வரியில் பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள். இதற்கு நடுவே திரையில் வரிகளை மாற்ற வேண்டும். மாற்றியதைக் கணினியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் சொல்ல வேண்டும். ஒன்பதரைக்கு மைக் பேட்டரி தீர்ந்திருப்பது தெரியும். பிரசங்கத்தைப் பற்றி நினைக்க அந்தக் காலையில் கிடைக்கும் நேரம், கை கழுவும் நேரம்தான்.

ஒரு பிரசங்கம் தயாரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பயிற்சிக் காலத்தில் பத்து, பதினைந்து மணி நேரம் போவது சகஜம். பழகிய போதகர்கள் அதில் பாதியில் முடிப்பார்கள். ஆனால் அவர்களுக்கு முப்பது வருட வாசிப்பு பின்னால் நிற்கிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் அவர்களுடையதுதான் அதிக நேரம்.

நேரத்தை மிச்சப்படுத்த நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு வழி: முடிந்தால் கல்லூரிக் கட்டுரைக்கும் பிரசங்கத்துக்கும் ஒரே வேதப்பகுதியை எடுங்கள். வாசிப்பு ஒன்று, எழுத்து இரண்டு. ஆனால் கட்டுரையைச் சுருக்கினால் பிரசங்கம் ஆகாது. யோனா நான்காம் அதிகாரத்தையே பாருங்கள். அசீரியாவின் நினிவே பட்டணத்தைக் கடவுள் அழிக்காமல் விட்டதற்குத் தீர்க்கதரிசி யோனா கோபப்படும் இடம் அது. கட்டுரையில் நூல் எழுதப்பட்ட காலம், அசீரியாவின் கொடுமை, கதையின் கேலித் தொனி எல்லாவற்றையும் பேசலாம், பேசவும் வேண்டும். பிரசங்கத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. ஆமணக்குச் செடி வாடியதற்காகச் சாகத் தயாரான ஒரு மனிதன் இருக்கிறான். இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான ஜனமும் அநேக மிருகங்களும் உள்ள பட்டணத்துக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கேட்கும் கடவுள் இருக்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னான் என்று எழுதவே இல்லை. பிரசங்கிக்கு வரும் பெரிய சோதனை, யோனாவுக்குப் பதிலாகத் தானே பதில் சொல்லி முடிச்சுப் போட்டுவிடுவதுதான். கையைக் கட்டிக்கொண்டு கேள்வியைக் கேள்வியாகவே சபையின் முன் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். இதைச் செய்யப் பழகத்தான் பத்து மணி நேரம்.

எழுதியதைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை உடையுங்கள். பூட்டிய சபைக் கட்டடத்தில் தனியாக நின்று பேசிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் ஆள் இல்லாத அறையில் குரல் எதிரொலிக்கும், ஆள் நிறைந்தால் அமுங்கும். சனிக்கிழமை கேட்ட குரலை ஞாயிற்றுக்கிழமை எதிர்பார்க்காதீர்கள்.

எந்தப் பகுதியைப் பிரசங்கிப்பது என்று யார் முடிவு செய்வார்கள்?

பெரும்பாலும் போதகர். சில சபைகள் திருச்சபை ஆண்டுக்கான வாசிப்பு அட்டவணையைப் பின்பற்றும், பல பின்பற்றாது. ஒரே புத்தகத்தை வாரா வாரம் தொடர்ந்து எடுப்பது பயிற்சியில் இருப்பவருக்கு நல்லது என்பேன். பிடித்த வசனத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க முடியாது.

முழுப் போதகர் ஆகாதவர் ஞானஸ்நானம் கொடுக்கலாமா? திருவிருந்து நடத்தலாமா?

சபை கேட்டுக்கொண்டால் ஞானஸ்நானமும் கொடுக்கலாம், அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தும் நடத்தலாம். வேறு திருச்சபைகளிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் அதிகம் ஆச்சரியம் தரும் பதில். அங்கே பெரும்பாலும் குருப்பட்டம் பெற்றவர்தான் திருவிருந்தை நடத்த முடியும். பாப்டிஸ்ட் சிந்தனையில் அந்த உரிமை பட்டத்தோடு ஒட்டியது அல்ல, கூடிவந்த சபையிடம் இருக்கிறது. சபை தன் நடுவிலிருந்து ஒருவரை நிறுத்தும். வழக்கமாக அது போதகர். அவர் இல்லாத அன்று ஒரு டீக்கனாகவும், அதாவது சபை தேர்ந்தெடுத்த உதவி ஊழியராகவும், இருக்கலாம்.

இது நேற்று வந்த தளர்வு அல்ல. 1644-ல் லண்டனின் ஏழு பாப்டிஸ்ட் சபைகள் சேர்ந்து வெளியிட்ட விசுவாச அறிக்கையிலேயே, ஞானஸ்நானம் கொடுப்பவர் பிரசங்கிக்கும் சீஷராக இருந்தால் போதும், குறிப்பிட்ட பதவிக்காரராக இருக்க வேண்டியதில்லை என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் போனால், 1609-ல் ஆம்ஸ்டர்டாமில், பாப்டிஸ்ட் மரபைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஆங்கிலேயப் போதகர் ஜான் ஸ்மைத் தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டுதான் மற்றவர்களுக்குக் கொடுத்தார். அதுவும் தண்ணீர் ஊற்றித்தான். ஆளை முழுவதும் தண்ணீரில் அமிழ்த்தும் முழுக்கு முறை இங்கிலாந்து பாப்டிஸ்டுகளிடம் நிலைபெற்றது 1640-களில். யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி இந்த மரபோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம்.

நடைமுறையில், பயிற்சியில் இருப்பவர் முதல் தடவை செய்யும்போது மேற்பார்வைப் போதகர் பக்கத்தில் நிற்பார். அது அதிகாரத்துக்காக இல்லை. அப்பத்தை எந்தப் பக்கத்திலிருந்து பரிமாற ஆரம்பிப்பது என்று அந்த நேரத்தில் மறந்துபோகும், அதற்காக.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பீர்களா?

இல்லை. தானாக விசுவாசத்தை அறிக்கை செய்யும் வயது வந்தவர்களுக்குத்தான். குழந்தை பிறந்தால் சபையில் கொண்டுவந்து நன்றி செலுத்தி, பெற்றோருக்கும் பிள்ளைக்கும் ஜெபிக்கும் பிரதிஷ்டை ஆராதனை உண்டு. பல தாத்தா பாட்டிகளுக்கு இது போதவில்லை என்று தோன்றும். அவர்களோடு உட்கார்ந்து பேசுவதும் வாரத்து வேலையில் சேர்த்தி.

ஞானஸ்நான ஆராதனைக்கு அப்படி என்ன பெரிய ஆயத்தம்?

முதலில் தண்ணீர். தொட்டி இரண்டரை மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3,750 லிட்டர். நிமிடத்துக்கு 15 லிட்டர் விடும் குழாய்க்கு நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே சனிக்கிழமையே திறந்துவிட வேண்டும், யாராவது ஒருவர் கட்டடத்திலேயே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று உங்களுக்கே தெரியும். புத்தகமும் கையுமாகத் தொட்டியருகே உட்கார்ந்து படிக்க நல்ல அவகாசம் கிடைக்கும்.

பிறகு ஒத்திகை. தண்ணீர் இல்லாமல், தரையில் நின்று. ஞானஸ்நானம் எடுப்பவர் கைகளை மார்பில் சேர்த்துக்கொள்வார். நம் ஒரு கை அந்தக் கைகளின் மேல், மற்றொரு கை அவருடைய தோள்பட்டைகளுக்கு நடுவே. பின்னால் சாயும்போது முழங்காலை மடக்கச் சொல்ல வேண்டும். இது முக்கியம். முழங்கால் விறைத்துக்கொண்டால் பாதங்கள் தரையை விட்டு மேலே வந்துவிடும், அப்புறம் தூக்கி நிறுத்துவது கஷ்டம். மடக்கினால் பாதம் தரையிலேயே இருக்கும், அவரே எழுந்துவிடுவார். நம்மைவிட இரு மடங்கு எடை உள்ளவருக்கும் ஒல்லியான பயிற்சிப் போதகர் ஞானஸ்நானம் கொடுக்க முடிவது இதனால்தான். அங்கி தண்ணீரில் விரிந்து மிதக்காமல் இருக்க அதன் கீழ் ஓரத்தில் சின்ன எடைகளை வைத்துத் தைத்திருப்பார்கள். துவட்டும் துணி, மாற்று உடை, வழுக்காத மிதியடி, உதவிக்கு ஒரு பெண் டீக்கன், இவ்வளவும் வேண்டும்.

மின்சாரத்தை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். 2005-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், வேக்கோ நகரின் ஒரு பாப்டிஸ்ட் சபையில், தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைச் சரிசெய்யக் கை நீட்டிய போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். தண்ணீருக்குள் நிற்பவர் கையில் மைக் கூடாது, எட்டும் தூரத்திலும் கூடாது. குரல் கேட்கவில்லை என்றால் சபையார் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கட்டும்.

சபைக்கூட்டம் என்றால் என்ன? அதில் உங்களுக்கு என்ன வேலை?

அங்கத்தினர் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் கூட்டம். போதகரை அழைப்பது, டீக்கன்மாரைத் தேர்ந்தெடுப்பது, புது அங்கத்தினரைச் சேர்ப்பது, வரவுசெலவு எல்லாம் அங்கேதான். மேலிருந்து ஆணை போடப் பேராயர் யாரும் இல்லை. கட்சி பிரிந்து ஓட்டுப் போடுவதற்காகக் கூடுவதில்லை, கிறிஸ்துவின் மனம் என்ன என்று சேர்ந்து தேடுவதற்காகக் கூடுகிறோம் என்பது கொள்கை. கொள்கைப்படி எப்போதும் நடக்குமா என்று கேட்காதீர்கள். நீளமான பழைய பெஞ்சுகளை எடுத்துவிட்டு நாற்காலி போடலாமா என்பது ஒரு மாலை முழுக்க ஓடும். மிஷனரி நிதிக்கு வருடம் முழுவதுக்குமான தொகை இரண்டு நிமிடத்தில் நிறைவேறும்.

பயிற்சியில் இருப்பவருடைய வேலை பெரும்பாலும் கவனிப்பது. யார் பேசுகிறார்கள், யார் பேச வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள், பெஞ்சை எடுக்கக் கூடாது என்று அந்த அம்மா ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்? அடுத்த வியாழன் சந்திப்பில் கேட்டால் தெரியும்: இறந்துபோன கணவர் செய்துகொடுத்த பெஞ்ச் அது.

வாரத்தின் நடுவில் ஒரு மரணம் நேர்ந்தால்?

திட்டம் எல்லாம் அதோடு போயிற்று. கட்டுரைக்கு அவகாசம் கேட்டு எழுதிவிட்டு, குடும்பத்தாரிடம் போக வேண்டும். போனதும் வேதத்தைத் திறக்க அவசரப்படாதீர்கள். பேசவிடுங்கள். இறந்தவரைப் பற்றி அவர்கள் சொல்லும் சின்னச் சின்ன விஷயங்கள்தான் அடக்க ஆராதனையில் பேசப்போகும் வார்த்தைகள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயரை அவர்கள் உச்சரிக்கும் விதத்திலேயே குறித்துக்கொண்டு, பெரிய எழுத்தில் தனித்தாளில் எழுதி வையுங்கள். கல்லறை ஓரத்தில் காற்றில் தாள் படபடக்கும்போது, கண் கலங்கியிருக்கும்போது, அந்தப் பெரிய எழுத்துதான் கைகொடுக்கும். யாருடைய பெயராவது விடுபட்டால் அந்தக் குடும்பம் பல வருடம் மறக்காது.

அந்த வாரத்து ஞாயிறு பிரசங்கம் சுமாராகத்தான் இருக்கும். சபைக்கு அது தெரியும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். சொன்னாலும் பரவாயில்லை.

வீடு சந்திப்பில் கவனிக்க வேண்டியது?

சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்தில் கிளம்புங்கள். கேட்டதை வெளியே பேசாதீர்கள்; ஜெபக்குறிப்பு என்ற பெயரிலும் பேசாதீர்கள். ஜெபக்குறிப்பாகத்தான் பாதி வம்பு பரவுகிறது. சிறுவர் சிறுமியரோடு தனியே இருக்கும் சூழலை ஏற்படுத்தாதீர்கள். பிள்ளைக்கோ பலவீனமான பெரியவருக்கோ தீங்கு நடப்பதாகத் தெரிந்தால், ரகசியம் காக்கிறேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்குப் பொறுப்பானவரிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். இதில் பயிற்சி, அனுபவம் என்ற வித்தியாசம் இல்லை.

சின்ன சபைதானே, எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டால் வேகமாக முடியுமே?

முடியும். இதுதான் பயிற்சியில் இருப்பவர்கள் விழும் பள்ளமும். இளமையும் உற்சாகமும் இருக்கிறது, மடிக்கணினி தெரியும், மறுக்கத் தெரியாது. ஆறு மாதத்தில் அறிவிப்புத் தாள், திரை, சாவி, ஓய்வுநாள் பள்ளி, சபை வாட்ஸாப் குழு எல்லாம் ஒருவர் கைக்கு வந்துவிடும். சபையார் மெச்சுவார்கள். படிப்பு முடிந்து அவர் வேறு சபைக்குப் போன மறுவாரம் எதுவும் ஓடாது. அவர் வருவதற்கு முன்னால் இந்த வேலைகளைச் செய்துகொண்டிருந்தவர்கள் அதற்குள் விட்டுப் பழகியிருப்பார்கள்.

அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தில் பந்தி விசாரிப்புப் பிரச்சினை, அதாவது விதவைகளுக்கு அன்றாட உணவு பகிர்வதில் பிரச்சினை, வந்தபோது, பன்னிரண்டு அப்போஸ்தலரும் அதைத் தங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. ஜனங்களையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். விசுவாசிகள் எல்லோரும் ஆசாரியர்கள் என்று பிரசங்க பீடத்தில் முழங்கிவிட்டு, அறிவிப்பு வாசிக்கக்கூட வேறு ஆளை விடாமல் இருந்தால் என்ன அர்த்தம்? நான் பார்க்கும் விதம் இதுதான்: புதிதாக ஒரு வேலை வந்தால், செய்ய ஆரம்பிக்கும் முன்பே இன்னொருவரைக் கூட வைத்துக்கொள்ள வேண்டும். திரையில் வரி மாற்றும் பிள்ளைக்குப் பதினான்கு வயது. சில ஞாயிறு தப்பான சரணம் வரும். வந்தால் வரட்டும்.

ஓய்வு உண்டா?

உண்டு. எடுத்தால் உண்டு. அன்று போன் இன்னொருவரிடம் போக வேண்டும், அதைச் சபைக்கும் சொல்லி வைக்க வேண்டும். ஓய்வெடுக்காததைப் பக்தியாகப் பேசும் போதகர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

வேறு வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி எடுக்க முடியுமா?

பலர் அப்படித்தான் எடுக்கிறார்கள். சின்ன சபையால் முழுச் சம்பளம் கொடுக்க முடியாது. பவுல் கூடாரம் செய்தார். இங்கிலாந்தின் மோல்டன் சபையில் வில்லியம் கேரி செருப்புத் தைத்துக்கொண்டு, பள்ளிக்கூடமும் நடத்திக்கொண்டுதான் போதகராக இருந்தார். வாரம் இன்னும் நெருக்கும் என்பது உண்மை. படிப்பை இரண்டு வருடம் நீட்டிக்கொள்ளுங்கள், தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.

ஸ்பர்ஜன் கல்லூரிக்கே போகவில்லையே, எங்களுக்கு மட்டும் ஏன்?

ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். ஸ்பர்ஜன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆங்கிலேய பாப்டிஸ்ட் பிரசங்கி. 1851-ல் பதினேழு வயதில் வாட்டர்பீச் என்ற கிராமத்துச் சின்ன சபையில் ஊழியத்தைத் தொடங்கினார், பத்தொன்பதில் லண்டனுக்கு அழைக்கப்பட்டார். கல்லூரிப் படிப்பு இல்லை. எல்லாம் சரி. ஆனால் லண்டனுக்கு வந்து சில வருடங்களுக்குள், 1856-ல், போதகர்களைப் பயிற்றுவிக்க ஒரு கல்லூரி தொடங்கியவரும் அவர்தான்.

பிரசங்கத்தைப் பற்றி உங்களிடம் கருத்துச் சொல்லலாமா?

சொல்லுங்கள், தயவுசெய்து. பயிற்சியில் இருப்பவருக்கு மதிப்பீட்டுத் தாள் ஒன்று இருக்கும். சில அங்கத்தினர்கள் அதை நிரப்பித் தர வேண்டும். "ஆசீர்வாதமாக இருந்தது தம்பி" என்று எழுதினால் சந்தோஷம்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. எந்த இடத்தில் கவனம் சிதறியது, எந்த உதாரணம் புரியவில்லை, முடிவு எப்போது வரும் என்று எந்த இடத்தில் தோன்றியது, இதை எழுதுங்கள். கதவருகே கை குலுக்கும்போது மட்டும் வேண்டாம். அந்த நிமிடத்தில் காது கேட்காது. செவ்வாய்க்கிழமை சொல்லுங்கள்.

உங்களை எப்படிக் கூப்பிடுவது? பாஸ்டர் என்றா?

பெரியவர்கள் தம்பி என்கிறார்கள். வாலிபர்கள் அண்ணன் என்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஐயா என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறார்கள். எதற்கும் திரும்பிப் பார்ப்பேன்.